கார் பெயின்டில் விழுந்த லேசான கீறல்களை நீங்களே எடுப்பது எப்படி? பெங்களூருக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை பத்து மணி வெயிலில் ஒரு கறுப்பு அல்லது கருநீலக் காரின் பானெட்டைப் பாருங்கள். வெளிச்சம் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி வட்டவட்டமாக ஏராளமான மெல்லிய கோடுகள் தெரியும். யாரும் சாவியால் கீறவில்லை, வண்டி எங்கும் உரசவும் இல்லை. பெங்களூரு அடுக்குமாடிகளில் நிற்கும் பெரும்பாலான கார்களில் இந்தக் கோடுகளைப் போட்டது, தினமும் காலையில் அவற்றைத் துடைக்கிற துணிதான். இங்கே பக்கத்து மனையில் எப்போதும் ஏதாவது கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். அந்த சிமென்ட் தூசியும் மணலும் ராத்திரி காரின் மேல் படிகின்றன. காலையில் ஈரத்துணி வைத்து இழுக்கும்போது ஒவ்வொரு மணலும் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறது.

இத்துடன் சில்க் போர்டு நெரிசலில் இரண்டு கார்களுக்கு நடுவே நுழையும் ஸ்கூட்டரின் கைப்பிடி, சந்து ஓரத்துக் காகிதப்பூச் செடியின் முள், கூரையில் ஏறிப் படுக்கும் தெருநாயின் நகம், தூசி படிந்த கண்ணாடிக்குக் கீழே பெயர் எழுதிப் பார்க்கும் குழந்தையின் விரல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே எடுக்க முடியும். எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும், எவ்வளவு எடுத்ததும் கையை நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தால் போதும். நான் இங்கே அதிகம் சொல்லப்போவது அந்த நிறுத்துகிற இடத்தைப் பற்றித்தான்.

பெயின்டுக்குள் என்ன இருக்கிறது

இன்றைய காரின் தகரத்தின் மேல் முதலில் துருத் தடுப்புப் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியில் அடித்த பெயின்ட் முழுவதையும் சேர்த்து அளந்தால் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால், நாம் கைவைக்கப் போகிற அடுக்கு எவ்வளவு மெல்லியது என்று புரியும்.

பாலிஷ் போடும்போது கீறல் எதுவும் நிரம்புவதில்லை. தச்சர் பலகையில் ஒரு குழியைப் போக்க, குழியின் அடி மட்டத்துக்குப் பலகை முழுவதையும் இழைப்புளியால் இழைத்து இறக்குகிறாரே, அதே வேலைதான் இது. கீறலைச் சுற்றியுள்ள நல்ல கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைத்துச் சமன் செய்கிறோம். குறைந்தது குறைந்ததுதான், மறுபடி வளராது. மென்மையான பாலிஷ் ஒரு முறைக்கு ஒரு மைக்ரானை ஒட்டி எடுக்கும். காம்பவுண்ட் என்கிற முரட்டுத் தேய்ப்புப் பசையும், மெஷினில் மாட்டும் கம்பளிப் பேடும் சேர்ந்தால் அதைப் போலப் பல மடங்கு போகும்.

வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் இந்தக் கிளியர் கோட்தான். அளவுக்கு மீறி அதைக் குறைத்துவிட்டால் சில வருடங்களில் பானெட்டிலும் கூரையிலும் திட்டுத்திட்டாக வெளுத்து உரிய ஆரம்பிக்கும். அப்படி உரிந்த காரை எந்தப் பாலிஷாலும் மீட்க முடியாது. அந்தப் பாகத்தை முழுவதுமாகத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. அதனால்தான் வருடத்துக்கு இரண்டு முறை 'ரப்பிங் பாலிஷ்' போடச் சொல்லும் பேக்கேஜ்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கீறல் எவ்வளவு ஆழம்?

இந்தச் சோதனைக்குச் செலவிடுகிற பத்து நிமிடம்தான் முழு வேலையிலும் முக்கியமானது. முதலில் அந்த இடத்தை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். அழுக்கின் மேல் வைத்துச் சொல்லும் கணிப்பு எப்போதும் தவறும்.

கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் விட்டும் மறையவில்லை என்றால் ஆழமாகப் போயிருக்கிறது.

அடுத்து நகம். கீறலுக்குக் குறுக்காக, அழுத்தாமல் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிப் போனால் பாலிஷுக்கு அடங்கும் கீறல். லேசாகத் தட்டினால் முழுவதும் போகாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைக்கலாம். நகம் மாட்டி நின்றால் பாலிஷ் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

கீறலின் நிறத்தையும் பாருங்கள். கறுப்புக் காரில் தெரிகிற மெல்லிய வெண்கோடு பெரும்பாலும் கிளியர் கோட்டின் கீறல்தான், பயப்பட வேண்டாம். கோட்டுக்குள் சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது. பளபளப்பான உலோகமோ துருவின் பழுப்போ தெரிந்தால் தகரமே வெளியே வந்துவிட்டது.

பம்பர் ஓரங்களிலும் கதவுகளிலும் இன்னொரு வகை உண்டு. வெள்ளைக் காரில் மஞ்சளாக, சிவப்புக் காரில் வெள்ளையாக அகலமான பட்டை ஒன்று இருக்கும். பார்க்கப் பெரிய காயமாகத் தெரியும். அது பார்க்கிங் தூணின் பெயின்டோ இன்னொரு வண்டியின் பெயின்டோ உங்கள் கார் மேல் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். தார் நீக்கும் திரவத்தையோ டபிள்யூடி-40யையோ மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் எடுத்து மெதுவாகத் தேய்த்தால் ஒட்டிய பெயின்ட் பெரும்பகுதி வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தை ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டு, அடியில் உண்மையில் எவ்வளவு கீறல் இருக்கிறது என்று பாருங்கள். பெயின்ட் கடையில் விற்கும் தின்னரைத் தொடாதீர்கள். ஏற்கெனவே மறுபெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் தின்னர் அதைக் கரைத்துவிடும்.

கார் பழையதாக வாங்கியது என்றால் எந்தெந்தப் பாகம் மறுபெயின்ட் ஆனது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கில் பெயின்ட் படிந்திருப்பது, பக்கத்துப் பாகத்தோடு நிறம் ஒரு சாயல் மாறியிருப்பது, வழவழப்புக்குப் பதில் சிறு சிறு மேடுபள்ளம் தெரிவது எல்லாம் அடையாளங்கள். கம்பெனிப் பெயின்ட் 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுடப்படுகிறது. வெளியே அடிப்பதை 60 டிகிரி அளவில்தான் காயவைக்க முடியும், ஏனென்றால் அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக்கும் வயரிங்கும் தாங்காது. அதனால் மறுபெயின்ட் பல நேரம் மென்மையாக இருக்கும், சீக்கிரம் தேயும். அங்கே கை இன்னும் லேசாக இருக்க வேண்டும்.

எங்கே, எப்போது

வெயிலில் கூடவே கூடாது. தகரம் சூடாக இருந்தால் பாலிஷ் உடனே காய்ந்து, தேய்க்கத் தேய்க்கப் புதுக் கீறலை உண்டாக்கும். பெங்களூரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த வேலைக்கு அருமையான காலம். தூறல் குறைவு, சூடும் குறைவு. மார்ச், ஏப்ரலில் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். மழை மாதங்களில் கூரைக்குக் கீழே மட்டும்.

அடுக்குமாடியின் பேஸ்மென்ட் நிழலுக்கு நல்ல இடம்தான், ஆனால் பெருக்குகிற நேரம் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். தூங்குமூஞ்சி மரமோ வேறு பெரிய மரமோ இருக்கிற தெரு ஓரமும் வேண்டாம், பூவும் பிசினும் விழுந்துகொண்டே இருக்கும். பேஸ்மென்டில் பிளக் பாயின்ட் பயன்படுத்த அசோசியேஷனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வாங்க வேண்டியவை

ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் கார் சாமான் கடைகளில் எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே பேசி வாங்கலாம். இரண்டு பக்கெட், கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, நீளமான இழை உள்ள மைக்ரோஃபைபர் துணி ஏழெட்டு, களிமண் கட்டி என்று விற்கும் கிளே பார், நல்ல மாஸ்கிங் டேப், கையால் பாலிஷ் தேய்க்கும் பஞ்சான அப்ளிகேட்டர் இரண்டு, மென்மையான பாலிஷ் ஒன்று, நடுத்தரக் காம்பவுண்ட் ஒன்று, ஐசோபுரொபைல் ஆல்கஹால், டிஸ்டில்டு வாட்டர், ஒரு எல்இடி டார்ச். 3எம், மெகுயர்ஸ், டர்டில் வாக்ஸ் போன்ற கம்பெனிகளின் பாலிஷ்கள் சிறு பாட்டிலில் வருகின்றன. கடையில் 'கீறல் எல்லாம் ஒரே இழுப்பில் போகும்' என்று டின்னில் வரும் முரட்டு ரப்பிங் காம்பவுண்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது டிங்கரிங் பட்டறையில் புதுப் பெயின்டை மட்டப்படுத்துவதற்கானது.

பல் பேஸ்ட் வேண்டாம். அதிலுள்ள பொடி பல்லுக்கு அளந்து போட்டது, பெயின்டுக்கு அல்ல. ஒரு கீறலை மங்கலாக்கி அதைச் சுற்றி ஒரு மங்கல் வட்டத்தைக் கொடுக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைவது உண்மை. அடுத்த கழுவலில் திரும்பி வருவதும் உண்மை, நடுவில் அந்த எண்ணெயில் தூசி வேறு ஒட்டும்.

கழுவுதல்

பாலிஷ் போடும்போது ஒரு மணல் மாட்டினாலும் போட்ட உழைப்பு வீண், அதனால் இந்தப் படியில் சோம்பல் ஆகாது. முதலில் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள். ஒரு பக்கெட்டில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பாகத்தைத் தேய்த்ததும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் போட வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். கதவுகளின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி, அங்கேதான் மணல் அதிகம். சக்கரங்களுக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வழக்கமாகக் கழுவுவதற்கு ஏற்றதல்ல, மேலே உள்ள வாக்ஸைக் கரைத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊரில் இரண்டு கவனம். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரில் கார் கழுவப் பெங்களூரு குடிநீர் வாரியம் தடை போட்டது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேலே ஏற்றிக் கொண்டுவரும் காவிரியை ஹோஸ் பைப்பில் ஓடவிடுவது தடை இல்லாத நாளிலும் மனதுக்கு ஒவ்வாத காரியம். 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்று விற்கும், பிறகு அலசத் தேவையில்லாத திரவம் கலந்தால் ஒரு பக்கெட், பத்து லிட்டர் தண்ணீரிலேயே லேசாகத் தூசி படிந்த காரைக் கழுவி முடிக்கலாம். இன்னொன்று, சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் வரும் போர்வெல், டேங்கர் தண்ணீரில் உப்பு அதிகம். காரின் மேல் அதைத் தானாகக் காயவிட்டால் வெள்ளை வட்டக் கறை விழும், நாளானால் கிளியர் கோட்டையே அரிக்கும். உடனே துடைத்துக் காயவைத்துவிடுங்கள். ஏற்கெனவே கறை இருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒரு நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் புதுக் கறை போய்விடும்.

கிளே, அப்புறம் டேப்

கழுவிக் காய்ந்த பானெட்டின் மேல், கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் மரப்பிசின், தார், இரும்புத் துகள் எல்லாம் பெயின்டில் பதிந்திருக்கின்றன. பிரேக்கிலிருந்தும், மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் வெட்டும் இரும்பிலிருந்தும் அந்தத் துகள் வருகிறது. கிளே பாரைத் தட்டையாகப் பிசைந்து, ஷாம்பூ கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சத்தமும் பிடிப்பும் குறைந்து வழுக்க ஆரம்பித்ததும் அந்த இடம் சுத்தம். கிளேயை அவ்வப்போது மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். கீழே விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

பிறகு கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், எம்பளம், ஹெட்லைட் ஓரம் எல்லாவற்றுக்கும் டேப். பாலிஷ் பட்ட கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கறை ஏறினால் எடுப்பது பெரும் பாடு. கதவு, பானெட் விளிம்புகளிலும், உடலில் ஓடும் கூர்மையான மடிப்புக் கோடுகளிலும் டேப் ஒட்டுங்கள். மடிப்பின் உச்சியில் பெயின்ட் மற்ற இடங்களைவிட மெல்லியது. பாலிஷ் போட்டு நிறமே போய் பிரைமர் தெரிந்த கார்கள் பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும்.

கையால் எடுப்பது

ஒன்றிரண்டு தனிக் கீறலுக்கு மெஷின் தேவையில்லை. மென்மையான பாலிஷில் ஆரம்பியுங்கள், காம்பவுண்டில் அல்ல. அப்ளிகேட்டரில் பட்டாணி அளவில் மூன்று சொட்டு. கீறலைச் சுற்றி ஒரு அடிக்கு ஒரு அடி இடம் மட்டும். முதலில் மெல்லப் பரப்பிவிட்டு, நடுத்தர அழுத்தத்தோடு இடவலமாகவும் பிறகு மேலும் கீழுமாகவும் நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் மிச்சம் விழும் நுண்கோடுகள் வெயிலில் வட்டமாகவே தெரியும். இரண்டு நிமிடம் போல, பாலிஷ் கண்ணாடி மாதிரி மெல்லியதாக ஆகும்வரை. காயவிடாதீர்கள். சுத்தமான துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

குறைந்திருந்தால் அதையே இன்னொரு முறை. எந்த மாற்றமும் இல்லை என்றால்தான் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்ட இடத்தில் லேசான மங்கல் விழும், அதை மறுபடி மென்மையான பாலிஷால் தெளியவைக்க வேண்டும், வேறு அப்ளிகேட்டரில்.

இங்கேதான் நிறுத்தத் தெரிய வேண்டும். ஒரு கீறல் கண்ணில் குத்துவது அதன் ஆழத்தால் மட்டுமல்ல, அதன் இரு ஓரங்களும் கூர்மையாக இருந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதாலும்தான். தேய்க்கும்போது அடி இன்னும் அப்படியே இருந்தாலும் ஓரங்கள் மழுங்கிவிடுகின்றன. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் கீறல் தெரியாது, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் ஒரு நிழல் தெரியும். அந்த நிலை வந்ததும் விட்டுவிடுங்கள். அந்த நிழலையும் துரத்தினால், நீங்கள் செலவு செய்வது அடுத்த பத்து வருட வெயிலுக்கு இருக்க வேண்டிய கிளியர் கோட்டை.

மெஷினால் எடுப்பது

பானெட் முழுவதும், கார் முழுவதும் துணிக்கோடுகள் என்றால் கை வலிக்குமே தவிர ஒரே சீராக வராது. டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வேண்டும், சுருக்கமாக டிஏ என்பார்கள். அதன் பேட் சுழன்றுகொண்டே சிறு வட்டமாக ஆடவும் செய்யும். அழுத்தம் கூடினால் சுழற்சி தானாக நின்றுவிடும், அதனால் புதியவர் கையில் பெயின்டைச் சுட்டுவிடும் ஆபத்து மிகக் குறைவு. பட்டறைகளில் பார்க்கும் ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் நிற்காமல் சுழலும். தேர்ந்த கையில் அது அற்புதமான கருவி, ஆனால் ஒரு இடத்தில் சில விநாடி நின்றாலே மடிப்பு ஓரத்தில் பெயின்ட் போய்விடும். அவசரத்தில் பயன்படுத்தினால் வெயிலில் அலையலையாக நெளியும் ஒரு மினுமினுப்பையும் விட்டுவைக்கும். முதல் முறை செய்பவர் டிஏ மட்டும் வாங்குங்கள், அல்லது நண்பரிடம் கடன் வாங்குங்கள்.

ஆரம்பிக்கும் முன் மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள், கழுத்தில் தொங்கும் ஆபீஸ் ஐடி கார்டு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மெஷினின் வயரைத் தோளுக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள், கதவில் உரசிக்கொண்டே வரக்கூடாது.

பானெட்டில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் முதலில் சோதியுங்கள். மென்மையான ஃபோம் பேட், மென்மையான பாலிஷ். அதிலேயே எண்பது சதவீதக் கோடு போய்விட்டால் அதுவே இந்தக் காருக்கான கூட்டணி. போகவில்லை என்றால் பாலிஷை மாற்றாமல் பேடை மட்டும் கொஞ்சம் கடினமானதாக மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் காம்பவுண்ட். ஒவ்வொரு கம்பெனிப் பெயின்டின் கடினமும் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் காருக்குச் சரியாக வந்தது உங்கள் காருக்கும் வரும் என்று எண்ண வேண்டாம்.

புதுப் பேடில் ஐந்தாறு சொட்டு, பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு சொட்டு போதும். மெஷினை நிறுத்திய நிலையிலேயே பேடைப் பெயின்டில் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் பரப்புங்கள். அதற்குப் பிறகு மெஷினின் வேக டயலை 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். கை நகரும் வேகம்தான் எல்லோரும் தவறவிடுவது: விநாடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர், அவ்வளவு மெதுவாக. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூட வேண்டும். இடவலமாக ஒரு சுற்று, மேலும் கீழுமாக ஒரு சுற்று, இப்படி நான்கிலிருந்து ஆறு. பேட் எப்போதும் பெயின்டில் தட்டையாகப் படிந்திருக்கட்டும். பேடைப் பிடிக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் அது சுழல்கிறதா, வெறுமனே ஆடுகிறதா என்று தெரியும். ஆட மட்டும் செய்தால் அழுத்தத்தைக் குறையுங்கள்.

அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, தகரம் மாதிரி அது சூட்டைப் பரப்பாது, அதனால் அங்கே வேகமும் நேரமும் குறைவாக. ஒவ்வொரு இடம் முடிந்ததும் பேடை ஒரு பிரஷால் துலக்கிவிடுங்கள். தேய்ந்து வந்த கிளியர் கோட்டும் பழைய பாலிஷும் பேடில் அடைந்துகொண்டால் அதுவே புதுக் கோடு போடும்.

பேடில் காரின் நிறம் ஏறுகிறதா என்று முதல் இடத்திலேயே கவனியுங்கள். சில பழைய கார்களில், மறுபெயின்ட் அடித்த சில பாகங்களில் கிளியர் கோட்டே இருக்காது, நிறமே மேல் அடுக்காக இருக்கும். அப்போது நிறம் ஏறுவது இயல்பு, மென்மையான பாலிஷோடு நிறுத்திக்கொள்ளலாம். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஏறினால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள்.

உண்மையில் போனதா?

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மூடி மறைத்து ஏமாற்றும். கடையில் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வாங்கிய கார் இரண்டு மழைக்குப் பிறகு பழையபடி ஆவதற்கு இதுதான் காரணம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு கலந்து தெளித்துத் துடையுங்கள். எண்ணெய் போன பிறகு டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், தனி எல்இடி உள்ள போன் டார்ச்சும் போதும். பேஸ்மென்டின் டியூப் லைட்டில் எல்லாக் காரும் அழகாகத்தான் தெரியும். முடிந்தால் வெளியே எடுத்து வெயிலில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

உப்புத்தாளும், அதற்கு மேலே உள்ளவையும்

நகத்தில் லேசாகத் தட்டும் கீறலுக்கு 2000, 3000 எண் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் மிக நுண்ணிய உப்புத்தாள்) ஊறவைத்துத் தேய்த்துவிட்டுக் காம்பவுண்ட் போடும் முறை உண்டு. சில இழுப்பிலேயே சில மைக்ரான் போய்விடும். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கையில் இல்லாமல், பழைய பாகம் எதிலும் பழகிப் பார்க்காமல், சொந்தக் காரில் இதை முயல வேண்டாம் என்பது என் கருத்து. அப்படிப்பட்ட கீறல் ஒன்றிரண்டு காரில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரைமர் தெரியும் கீறலுக்கு டச்-அப் பெயின்ட். கதவைத் திறந்தால் தூண் பக்கத்திலோ, பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் நிறத்தின் குறியீடு இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். வெறும் 'வெள்ளை' என்று கேட்டால் நான்கு வெள்ளை இருக்கும். மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் மட்டும், ஒரு அடுக்கு காய்ந்த பிறகு அடுத்தது. கண்ணுக்கு முழுவதும் மறையாது, ஆனால் துருவைத் தடுக்கும். அடிக்கடி சென்னைக்கோ பாண்டிச்சேரிக்கோ போய்வரும் காராக இருந்தால் தகரம் தெரியும் கீறலை வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், கடல் காற்று பெங்களூர்க் காற்றைப் போலப் பொறுமை காட்டாது. பம்பரில் அந்த அவசரம் இல்லை, பிளாஸ்டிக் துருப்பிடிக்காது.

பெரிய கீறலுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் ஆரம்பித்து ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம் வரை போகும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, ஒரே கிளெய்மில் போய்விடலாம். ஒரு பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கும் கூலி அதைவிடக் குறைவாக இருக்கும் நேரங்கள் நிறைய. அப்படி அடித்த பாகத்தில், பட்டறைக்காரர் சொல்லும் நாள்வரை, பொதுவாக ஒரு மாதம், வாக்ஸ் எதுவும் பூசாதீர்கள்.

மேலே ஒரு காப்பு

பாலிஷ் முடிந்த பெயின்ட் வெறுமையாக இருக்கும், அன்றைக்கே ஏதாவது ஒன்றைப் பூசுங்கள். கார்னபா என்ற பனை இலை மெழுகில் செய்த வாக்ஸ் ஓரிரு மாதம் நிற்கும், செயற்கைப் பூச்சான சீலன்ட் நான்கைந்து மாதம். மெல்லியதாகப் பூசி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் கழித்துத் துடைத்தால் போதும். செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தண்ணீரும் அழுக்கும் ஒட்டுவதை அது குறைக்கும், மணலோடு இழுக்கும் துணியை அது தடுக்காது.

மறுபடி விழாமல் இருக்க

துடைக்கும் முறை மாறாவிட்டால் இரண்டே மாதத்தில் அதே கோடுகள் திரும்பும். கார் துடைக்க வருபவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கெட் தண்ணீரில் வரிசையாகப் பத்துக் காருக்கு மேல் முடித்துவிட்டு அடுத்த அபார்ட்மென்டுக்கு ஓட வேண்டியவர் அவர். நல்ல துணியை நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். "அண்ணா, தினமும் துடைக்க வேணாம், வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். முதல்ல மேல தண்ணி ஊத்தி மண்ணை இறக்கிட்டு, அப்புறம் இந்தத் துணியால துடைங்க. காசு அதேதான்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், வேலையும் பாதியாகக் குறைகிறது. மற்ற நாட்களில் கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்த தூசியின் மேல் டஸ்டர் ஓட்டுவதை அறவே நிறுத்துங்கள். தெருவில் நிறுத்தும் காருக்குத் துணி கவர் போடுவதும் நல்லதல்ல. அடியில் தூசி இருக்க, காற்றில் கவர் ஆடினால் அதுவே உப்புத்தாள்.

ஆயுத பூஜை நாளில் சந்தனமும் குங்குமமும் வையுங்கள், மாலையும் போடுங்கள், ஆனால் மாலையின் கம்பியோ முரட்டு நாரோ பெயின்டில் படாதபடி அடியில் ஒரு துணி கொடுங்கள். காய்ந்த சந்தனத்தை நகத்தாலோ காய்ந்த துணியாலோ சுரண்ட வேண்டாம். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்தால் தானாக வழுக்கி வரும். பறவை எச்சத்துக்கும் இதே முறைதான், அதை மட்டும் மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

கடைசியாக, பயன்படுத்திய மைக்ரோஃபைபர் துணிகள். வீட்டுப் பருத்தித் துணிகளோடு போடாமல் தனியாக, மிதமான சோப்புத் தண்ணீரில் துவையுங்கள். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இழைகள் அடைந்து துடைக்கும் திறன் போய்விடும். நிழலில் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். காம்பவுண்ட் துடைத்ததைப் பெயின்டுக்கு மறுபடி எடுக்காமல் சக்கரங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.